வாய்ப்புண்ணைக் கண்டால் வயிற்றையும் விசாரிப்போம்

வாயில் புண் தோன்றினால் அதற்குக் காரணம் வயிற்றுச் சூடே என்பது நம் வீடுகளில் வழிவழியாக வரும் முடிபு. வட மாநிலங்களிலும் இதே எண்ணம் உண்டு. அங்கே இதனைப் 'பேட் கீ கர்மீ', அதாவது வயிற்றின் வெப்பம், என்று சொல்வார்கள். நம்மவர் மணத்தக்காளிக் கீரையைச் சமைத்துக் கொடுப்பர். அவர்கள் மோரோ வேறு குளிர்ச்சிப் பொருளோ கொடுப்பர். பத்து நாளில் புண் ஆறிவிடும். கீரைக்கும் மோருக்கும் நற்பெயர் கிடைக்கும். உண்மையில், அவை இல்லாவிடினும் சாதாரண வாய்ப்புண் 7 முதல் 14 நாட்களுக்குள் தானாகவே ஆறிவிடக் கூடியது.

இந்நம்பிக்கையை முற்றிலும் பொய்யென்று தள்ளிவிட நான் விரும்பவில்லை. வாயும் குடலும் ஒரே குழாயின் இரு பகுதிகள். வாயைப் பார்த்து வயிற்றை நினைத்த பெரியோர் தவறான திசையில் செல்லவில்லை. பாதி வழியில் நின்றுவிட்டனர், அவ்வளவே. 'சூடு' என்ற ஒரு சொல்லோடு விசாரணை முடிந்துவிடுகிறது. வயிறு எப்படி இருக்கிறது, மலம் எப்படிப் போகிறது, உடல் எடை கூடுகிறதா குறைகிறதா என்று எவரும் மேற்கொண்டு கேட்பதில்லை.

படித்தவர்களாகிய நம்மிடத்தும் இதற்கு ஈடான சொல் ஒன்று உண்டு. அது 'வைட்டமின் குறைவு' என்பது. இதன் வரலாறு மதிப்புக்குரியது. 1930-ஆம் ஆண்டுகளில் குன்னூரில் இயங்கிய ஊட்டச்சத்து ஆராய்ச்சிக் கூடத்தில் டாக்டர் ஐக்ராய்டும் அவருடன் பணியாற்றியோரும், சத்துக் குறைந்த உணவு உண்போருக்கு வரும் வாய் அழற்சியும் கடைவாய் வெடிப்பும் பி-2 வைட்டமின் குறைவோடு தொடர்புடையவை என்று எடுத்துக்காட்டினர். அந்த ஆராய்ச்சிக் கூடமே 1958-இல் ஐதராபாத்துக்கு மாற்றப்பட்டு, பின்னர் தேசிய ஊட்டச்சத்து நிறுவனம் என்று பெயர் பெற்றது. அதன்பின் பள்ளிப் பிள்ளைகளின் உடலைச் சோதிக்கச் செல்வோர் முதலில் பார்ப்பது கடைவாயைத்தான் என்ற வழக்கம் நிலைத்தது. நல்ல வழக்கம் அது. எத்தனையோ பிள்ளைகளுக்கு நன்மை செய்தது. ஆனால் இன்று என்ன நிகழ்கிறது? வாயில் எந்தப் புண்ணைக் கண்டாலும் பி-காம்ப்ளெக்ஸ் மாத்திரை ஓர் அட்டை கொடுத்து அனுப்பிவிடுகிறோம். அடுத்த மாதம் அதே பிள்ளை வந்தால் மீண்டும் ஓர் அட்டை. கொடுத்தவருக்கு வேலை முடிந்தது. பெற்றவருக்கு மனம் ஆறியது. மாத்திரையின் மீது எனக்குப் பகை இல்லை. கேள்வி கேட்காமல் இரண்டாம் முறையும் மூன்றாம் முறையும் மாத்திரை கொடுப்பதே என் குறை. அழற்சிக் குடல்நோய் என்னும் கொடிய நோய் பல ஆண்டுகள் மறைந்திருப்பதற்கு இவ்வழக்கமும் ஒரு காரணம் என்பது என் அபிப்பிராயம்.

அந்நோயைப்பற்றிச் சில சொற்கள். எந்த ஒரு கிருமியையும் காரணம் என்று சுட்ட இயலாதபடி, உடலின் தற்காப்பு ஆற்றலே தன் குடலின்மீது ஓயாத அழற்சியை மூட்டிவிடும் நோய்கள் இரண்டு உள்ளன. ஒன்று பெருங்குடற்புண் அழற்சி. 1859-இல் லண்டன் மருத்துவர் சாமுவேல் வில்க்ஸ் இதனைக் குறித்து எழுதினார். மற்றொன்று குரோன் நோய். 1932-இல் நியூயார்க்கில் குரோன், கின்ஸ்பர்க், ஓப்பன்ஹைமர் ஆகிய மூவர் இதனை விவரித்தனர். முன்னது பெருங்குடலின் அளவில் நிற்கும். பின்னது அவ்வாறன்று. சிறுகுடலும் பெருங்குடலும் கூடும் இடத்தையே அது பெரிதும் விரும்பினும், வாய் முதல் ஆசனவாய் வரை எவ்விடத்தும் தோன்றவல்லது. வாயில் தோன்றும் குரோன் புண்களைப் பற்றித் தனியே எழுதிய கட்டுரை 1969-இல் பிரிட்டனில் வெளிவந்தது.

இவை மேனாட்டார் நோய்கள், நம் நாட்டில் அரிது என்று ஒரு காலத்தில் எண்ணியிருந்தோம். பஞ்சாபில் லூதியானாவைச் சேர்ந்த மருத்துவர்கள் வீடுவீடாகச் சென்று 51,910 பேரை விசாரித்து, அவர்களுள் 23 பேருக்குப் பெருங்குடற்புண் அழற்சி இருப்பதைக் கண்டனர். இலட்சத்துக்கு 44 பேர் என்ற கணக்கு. 2003-இல் வெளியான இந்த ஆய்வுக்குப் பின் 'இந்தியாவில் இல்லை' என்ற பேச்சுக்கு இடமில்லாமற் போயிற்று.

இனி, வாய்க்குள் என்ன தெரியும் என்பதைச் சற்று விரிவாகவே சொல்ல வேண்டும். ஏனெனில், நாள்தோறும் பலருடைய வாயைப் பார்ப்பவர்கள் நீங்கள். குடல்நோய் வல்லுநரிடம் நோயாளி போய்ச் சேர்வதற்கு முன்பே உங்கள் கண்ணில் பட்டிருப்பார்.

சாதாரண வாய்ப்புண்ணை அறிவீர்கள். உதட்டின் உட்புறத்திலோ நாக்கின் ஓரத்திலோ, வட்டமாக, ஆழமின்றி, நடுவில் வெண்மஞ்சளும் சுற்றிலும் சிவப்புமாக அமையும். உப்பும் காரமும் பட்டால் உயிர் போகும். குடல்நோய் உடையவர்களுக்கு வருவதும் பெரும்பாலும் இதே வகைப் புண்தான். ஆனால் அடிக்கடி வரும், கூட்டமாக வரும், குடலில் நோய் கிளம்பும் நாட்களில் தானும் கிளம்பும். உருவத்தைக் கண்டு மட்டும் இரண்டையும் பிரித்துக் கூற எந்த நிபுணராலும் இயலாது.

குரோன் நோய்க்கே உரிய தோற்றங்கள் சில உள்ளன. அவை குறைவாகவே காணப்படும். எனினும் ஒருமுறை கண்டவர் மறக்கமாட்டார். உதடு வீங்கித் தடித்துவிடும். தேனீ கொட்டியதுபோல் ஓரிரு நாளில் வடிவதன்று; வாரக்கணக்கில், மாதக்கணக்கில் நிற்கும். பெரும்பாலும் வலி இராது. நடுவில் மேலிருந்து கீழாக வெடிப்பு விழும். கன்னத்தின் உட்புறம் கூழாங்கற்களைப் பாவிய தரைபோல் மேடும் பள்ளமுமாகத் தெரியும். கன்னமும் ஈறும் சேரும் பள்ளத்தில், வட்டமாக அன்றி நீளவாக்கில், கத்தியால் கீறியதுபோன்ற ஆழமான புண் இருக்கும். அதன் கரைகள் மடிந்து தடித்திருக்கும். உதட்டைப் பற்றி வெளியே இழுத்துப் பார்த்தாலன்றி இப்புண் கண்ணுக்குப் புலப்படாது. 'ஆ காட்டு' என்று சொல்லி நாக்கைமட்டும் பார்த்துவிட்டு விடுவோர் இதனைத் தவறவிடுவர். ஈறு முழுவதும் சிவந்து வீங்குவதும் உண்டு. பல் துலக்காத குற்றம் என்று பிள்ளை ஏச்சு வாங்கும்.

பெருங்குடற்புண் அழற்சியில் மிக அரிதாக மற்றொரு தோற்றம் வரும். சிவந்த ஈற்றின்மீதும் உதட்டின் உட்புறத்திலும் மஞ்சள் நிறச் சீழ்ப்பொட்டுகள் நெருங்கித் தோன்றி, உடைந்து, ஒன்றோடொன்று சேர்ந்து, நத்தை ஊர்ந்த தடம்போல் வளைந்து கிடக்கும்.

இவ்வாய்க் குறிகள் பெரியவர்களைவிடச் சிறுவர்களிடமும், பெருங்குடற்புண் அழற்சியைவிடக் குரோன் நோயிலும் மிகுதி. அன்றியும், சிலரிடம் வயிற்றுக் குறி எதுவும் தோன்றுவதற்குப் பல மாதங்கள், சில சமயம் ஆண்டுகள் முன்னதாகவே வாயில் குறி தோன்றிவிடுகிறது. இக்கட்டுரையை எழுதத் தூண்டியது இந்த ஒரு செய்தியே.

வட மாநிலம் ஒன்றின் கரும்பு விளையும் மாவட்டத்தில் நான் மருத்துவனாகப் பணியாற்றிய காலத்தில் எட்டாம் வகுப்பு மாணவன் ஒருவனை அழைத்து வந்தனர். கீழுதடு தடித்திருந்தது. பூச்சிக் கடி என்று ஒருவரும், ஒவ்வாமை என்று மற்றொருவரும் மருந்து கொடுத்திருந்தனர். வாய்ப்புண்ணுக்காகப் பி-காம்ப்ளெக்ஸ் மாத்திரையை மூன்று ஆண்டுகளாக விட்டுவிட்டு விழுங்கியிருக்கிறான். நானும் உதட்டைப் பார்த்து, உதட்டைப் பற்றியே கேட்டு, உதட்டுக்கே மருந்து எழுதத் தொடங்கினேன் என்பதை ஒப்புக்கொள்ள வேண்டும். உடன் வந்திருந்த அவனுடைய பள்ளி ஆசிரியர்தாம் குறுக்கிட்டார். காலைப் பிரார்த்தனைக்கு அவர் பள்ளியில் பிள்ளைகளை உயர வரிசையில் நிறுத்துவது வழக்கமாம். ஐந்தாம் வகுப்பில் வரிசையின் நடுவில் நின்றவன், ஆண்டுக்கு ஆண்டு முன்னே முன்னே வந்து, இப்போது முதலாவதாக நிற்கிறான் என்றார் அவர். "பாடம் நடக்கும்போது அடிக்கடி வெளியே போக அனுமதி கேட்கிறான், முதலில் குறும்பு என்று நினைத்துக் கண்டித்தேன்" என்றும் சொன்னார்.

அவ்விரண்டு வாக்கியங்களில் நோய் முழுவதும் அடங்கியிருந்தது. பையன் வெட்கத்தினால் வீட்டில்கூடச் சொல்லாமல் இருந்தான். நாளுக்கு ஐந்தாறு முறை மலம் போவதும், இரவில் எழுந்து போவதும், வலிக்குப் பயந்து காலையில் உண்ணாமல் பள்ளிக்கு வருவதும் பின்னரே வெளிவந்தன. பெரிய மருத்துவமனையில் கொலோனோஸ்கோப்பி என்னும் உள்நோக்குக் கருவியால் குடலைப் பார்த்து, திசுவை எடுத்துச் சோதித்து, குரோன் நோய் என்று முடிவு செய்தனர். சிகிச்சையில் தேறினான், ஓரளவு வளர்ந்தான். இழந்த உயரம் முழுவதும் திரும்பவில்லை. குடலில் ஓயாத அழற்சி இருக்கும்வரை பிள்ளை வளராது; எலும்பின் வளர்ச்சி முனைகள் மூடிக்கொண்டபின் எந்த மருந்தாலும் வளரச் செய்ய இயலாது. இடையிலுள்ள சில ஆண்டுகளே நமக்குக் கிடைக்கும் அவகாசம். காலத்தில் கண்டுபிடித்தால், குரோன் நோயுள்ள பிள்ளைகளுக்கு 6 முதல் 8 வாரம் மருத்துவர் வகுத்த திரவ உணவை மட்டுமே கொடுத்து அழற்சியை அடக்குவதும் இன்று கைவந்த முறையாக இருக்கிறது.

இதற்கு ஒரு மறுப்பு எழும், நியாயமான மறுப்பே. வாய்ப்புண் வராத மனிதர் எவர்? அடிக்கடி வரும் வாய்ப்புண் ஏறக்குறைய நூற்றில் இருபது பேருக்கு வாழ்நாளில் ஏதோ ஒரு சமயம் உண்டு. குடல்நோயோ இலட்சத்தில் சில பத்துப் பேருக்கு. 500 பிள்ளைகள் பயிலும் பள்ளியில் புண்ணைக் கண்டவுடன் அத்தனை பேரையும் மாவட்ட மருத்துவமனைக்கு அனுப்பினால், மருத்துவர் நம்மைத் திட்டுவார், பெற்றோர் அஞ்சுவர், பல ஆண்டுகளுக்கு ஒரு பிள்ளைக்குக்கூட அந்நோய் இருக்காது. இக்கணக்கை நான் மறுக்கவில்லை. அதனாலேயே, தனியாக வரும் புண்ணைக் கண்டு கலங்க வேண்டாம் என்கிறேன். துணையோடு வரும் புண்ணையே விசாரிக்க வேண்டும். துணை யாதெனில்: நான்கு வாரத்துக்கு மேல் நீளும் கழிச்சல், மலத்தில் இரத்தம், இரவில் தூக்கத்தைக் கலைக்கும் மலவுணர்ச்சி, எடைக் குறைவு அல்லது வளர்ச்சி நின்றுபோதல், விடாத வயிற்றுவலி, ஆசனவாய் அருகே ஆறாத புண் அல்லது சீழ் வடியும் துளை, காரணம் தெரியாத இரத்தசோகை, மூட்டுவலி, கண் சிவப்பு. வாய்ப்புண்ணோடு இவற்றுள் ஒன்று சேர்ந்திருந்தாலே மருத்துவரிடம் அனுப்பலாம். இரண்டு சேர்ந்திருந்தால் கட்டாயம் அனுப்ப வேண்டும்.

அவ்வாறு அனுப்பப்படுவோருள் பெரும்பாலோருக்கு அழற்சிக் குடல்நோய் இராது என்பதையும் இப்போதே சொல்லிவிடுகிறேன். அதனால் உழைப்பு வீண் என்று கருத வேண்டாம். கோதுமை உண்ணும் வட மாநிலங்களில் கோதுமைப் புரதம் ஒவ்வாத சீலியாக் நோய் ஏறத்தாழ நூற்றில் ஒருவருக்கு இருப்பதாகத் தில்லிப் பகுதி ஆய்வில் தெரிந்தது. அதிலும் வாய்ப்புண், கழிச்சல், வளர்ச்சிக் குறைவு ஆகியவை வரக்கூடும். இரும்புச்சத்துக் குறைவும், பி-12 குறைவும், காசநோயும் இதே வலையில் அகப்படும். கேட்பது இரண்டொரு கேள்வி. பயனோ பல நோய்க்கு.

காசநோயைக் குறிப்பிட்டேன். இந்தியாவில் இந்நோயைக் கண்டறிவதில் உள்ள பெருஞ்சிக்கலே அதுதான். குடற்காசமும் குரோன் நோயும் குடலின் அதே பகுதியைப் பற்றுகின்றன. அதே வலி, அதே மெலிவு, அதே காய்ச்சல். உள்நோக்கிப் பார்த்தாலும் ஏறக்குறைய அதே புண். காசத்தைக் குரோன் என்று கருதி ஸ்டீராய்டு கொடுத்தால் காசம் உடலெங்கும் பரவக்கூடும். குரோனைக் காசம் என்று கருதிக் காச மருந்து கொடுத்தால், மாதங்கள் வீணாகிக் குடல் சுருங்கி அடைபட இடமுண்டு. இரண்டுக்கும் நடுவில் நிற்கும் மருத்துவர், பல சமயம் காச மருந்தையே முதலில் தொடங்குகிறார். அதில் பிழையில்லை. ஆனால் இரண்டு மூன்று மாதங்களில் மீண்டும் சோதித்து, குடற்புண் உண்மையில் ஆறுகிறதா என்று பார்க்க வேண்டும். நோயாளி 'சற்றுத் தேவலை' என்று சொல்வதை மட்டும் நம்பக் கூடாது. குரோன் நோயாளிகள் சிலருக்கும் காச மருந்தில் தற்காலிகமாகக் குணம் தெரிவதுண்டு.

இங்கேதான் களப்பணியாளரின் உதவி தேவைப்படுகிறது. தேசியக் காசநோய் ஒழிப்புத் திட்டத்தின்கீழ் வீடு தேடிச் சென்று மருந்து விழுங்குவதை உறுதிசெய்பவர் அவர். வயிற்றுக் காசத்துக்கு மருந்து உண்ணும் ஒருவர், இரண்டு மூன்று மாதமாகியும் எடை ஏறாமலும், வாய்ப்புண் அடிக்கடி வந்துகொண்டும், ஆசனவாயருகே சீழ் வடிந்துகொண்டும் இருப்பாராயின், அதை மருத்துவ அதிகாரியிடம் தெரிவிப்பது ஒரு பெரிய தொண்டு. மருந்தை நிறுத்தும்படி நோயாளியிடம் கூறுவதோ பெரிய தீங்கு. இவ்விரண்டுக்கும் உள்ள வேறுபாட்டை நன்றாக மனத்தில் இருத்த வேண்டும்.

மலத்தில் இரத்தம் போனால் மூலம் என்று தாமே முடிவுசெய்துகொண்டு, வட இந்தியக் கடைத்தெருக்களில் 'பவாசீர்' என்று பலகை மாட்டியிருக்கும் இடங்களுக்குச் சென்று புண்ணைச் சுட்டும் கட்டியும் கெடுத்துக்கொள்வோர் பலர். நம் ஊர்களிலும் அப்பலகைகளுக்குக் குறைவில்லை. இளைஞர் ஒருவர் மூலத்துக்குச் சிகிச்சை பெற்று வருவதாகச் சொன்னால், வாய்ப்புண் வருவதுண்டா, எடை குறைந்ததா என்று கேட்டு வையுங்கள்.

மற்றொன்றையும் இவ்விடத்தில் சொல்லாமல் விடுவது தவறு. வயிற்றில் எந்தக் குறை இல்லாவிடினும், இரண்டு வாரத்தில் ஆறாத எந்த வாய்ப்புண்ணும் மருத்துவர் பார்க்க வேண்டிய புண். புகையிலையும் பாக்கும் மெல்லும் நம் நாட்டில் அது புற்றுநோயின் தொடக்கமாக இருக்கக்கூடும். 30 வயது கடந்தோரின் வாயைச் சோதிக்கும் அரசுத் திட்டம் இதற்காகவே அமைந்தது. குடலைப் பற்றிய பேச்சு அவ்விதியைத் தளர்த்திவிடக் கூடாது.

ஆசிரியர்கள் நோயை நிர்ணயிக்க வேண்டியதில்லை. நோயின் பெயரைப் பிள்ளையிடமோ பெற்றோரிடமோ சொல்லவே வேண்டாம். மதிய உணவில் காரம் பட்டதும் தட்டை ஒதுக்கிவைப்பவன் யார், அடிக்கடி வெளியே போக விரும்புகிறவள் யார், விளையாட்டு நேரத்தில் மரத்தடியில் உட்கார்ந்துவிடுபவன் யார் என்பதெல்லாம் மருத்துவர் எவருக்கும் தெரியாத, ஆசிரியருக்கு மட்டுமே தெரிந்த செய்திகள். அவற்றைத் தாளில் எழுதிக் கொடுத்தால் போதும். மலத்தைப் பற்றிய கேள்வியை வகுப்பில் எழுப்பாமல் தனியே அழைத்துக் கேட்க வேண்டும் என்பதை அனுபவமுள்ள ஆசிரியருக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. மாணவியாயின் ஆசிரியை ஒருவர் கேட்பது நலம்.

2013-இல் தொடங்கிய தேசியக் குழந்தைநலத் திட்டத்தின்கீழ் நடமாடும் மருத்துவக் குழு அரசுப் பள்ளிகளுக்கு ஆண்டுக்கு ஒரு முறையும் அங்கன்வாடிகளுக்கு இரண்டு முறையும் வருகிறது. உயரமும் எடையும் குறிக்கப்படுகின்றன. குழு வரும் நாளில் புண் ஆறியிருக்கும். பிள்ளை வாயைத் திறந்து காட்டினாலும் ஒன்றும் தெரியாது. ஆகவே இடைப்பட்ட நாட்களின் குறிப்பு பள்ளியில் இருக்க வேண்டும். இதற்குப் புதிய படிவம் வேண்டும் என்று நான் கேட்கவில்லை. படிவங்களின் சுமையை நானும் அனுபவித்தவன். பிள்ளை வாய்ப்புண் என்று சொல்லும் தேதியை வருகைப் பதிவேட்டில் அவன் பெயருக்கு நேரே பென்சிலால் ஒரு சிறு குறியாக இட்டுவைக்கலாம். குழு வரும்போது, ஓர் ஆண்டில் மூன்று நான்கு முறைக்குமேல் குறி விழுந்த பெயர்களை மட்டும் எடுத்து, அவர்களுடைய சென்ற ஆண்டு உயரத்தையும் இவ்வாண்டு உயரத்தையும் பக்கத்தில் வைத்து மருத்துவரிடம் காட்டலாம். பி-காம்ப்ளெக்ஸ் கொடுக்கும் துணைச் செவிலியரும் ஆஷா பணியாளரும் அவ்வாறே, இரண்டாம் அட்டையைக் கொடுக்குமுன் பிள்ளையை எடைக்கருவியில் ஏற்றி நிறுத்தி, அந்த எண்ணைத் தேதியுடன் எழுதிவிட்டுக் கொடுக்கலாம்.